கடலில் இருக்கிறவன் பெயரை அழிக்கக் கூடாது

கல்மண்டபம் பக்கம் வந்து, கப்பல்காரர்கள் சங்கத்தில் மெயில் சர்வர் பார்க்கிற பெர்சிஸைப் பற்றி யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "யாரு, அவளா? ஆளுங்க தண்ணியில்லாம சாவுறோம்னு எயுதின மெயில தூக்கி குப்பைல போட்டவளாச்சே" என்பார்கள். டீக்கடையில் சொல்வார்கள். மீன் வாங்கும்போது சொல்வார்கள். கோயிலை விட்டு வெளியே வரும்போது, தீர்த்தம் தொட்ட விரல் காய்வதற்குள் சொல்வார்கள். ரொம்ப நல்லா இருக்கிறது நியாயம்! அந்தச் சங்கத்தின் முன்மேசையில் உட்கார்ந்திருப்பவள் நான், சில்வியா. நடந்ததெல்லாம் என் கண் முன்னால் நடந்தது. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததே அதிகம். ஒருத்தியின் பெயரையும் அவள் புருஷன் பெயரையும் மட்டும் மாற்றிச் சொல்கிறேன். ஏன் மாற்றினேன் என்று முடிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

பெர்சிஸுக்குக் கொருக்குப்பேட்டை. ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வீடு. கூட்ஸ் வண்டி போகும்போது பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிற குடும்பம். டிப்ளமோ முடித்துவிட்டு எண்ணூர் பக்கம் ஒரு கண்டெய்னர் குடோனில் டேட்டா என்ட்ரிக்குப் போனாள். அங்கே ஏசி இருந்தது சர்வர் ரூமில் மட்டும்தான். சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு தினமும் அங்கே போய் உட்கார்ந்து, அங்கிருந்தவர் செய்வதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். குடோனை மூடினார்கள். எங்கள் சங்கத்துக்கு வந்து சேர்ந்தாள்.

வாய் சும்மா இருக்காது. ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளை ஏற்றினால் டிரைவரோடு சண்டை. சங்கத்தில் டாய்லெட் கழுவவில்லை என்றால் தலைவரோடு சண்டை. ஆனால் அவளுக்கு உண்மையாகவே வெறி பிடிக்கிற விஷயம் ஒன்றே ஒன்றுதான், ஸ்பாம். வேண்டாத மெயில், திருட்டு மெயில், பொய் மெயில். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அவளுடைய தம்பி சாலமோனுக்கு ஒரு மெயில் வந்தது. கிரீஸ் நாட்டுக் கப்பலில் வேலை, உடனே மும்பை வா என்று கம்பெனி முத்திரையோடு வந்தது. அம்மாவின் செயினை விற்றுக் கட்ட வேண்டியதைக் கட்டிவிட்டுப் பெட்டியோடு போனான். மெயிலில் இருந்த முகவரியில் ஒரு ஜூஸ் கடை இருந்தது. கடைக்காரர் இவனைப் பார்த்ததும், "நீயுமா தமிழ்நாடு?" என்று கேட்டு ஒரு சாத்துக்குடி ஜூஸ் கொடுத்து அனுப்பிவைத்தாராம். சாலமோன் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கண்டெய்னருக்கு இரும்புக் கம்பி மாட்டுகிற வேலை செய்கிறான். கப்பல் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

எங்கள் சங்கத்தில் எல்லா உறுப்பினர்களுக்கும், கேட்கிற குடும்பத்துக்கும், சங்கத்தின் பெயரிலேயே மெயில் முகவரி கொடுத்திருக்கிறோம். தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்து அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதுதான் சர்வர். பெரிய கம்பெனிக்காரனிடம் போனால் தலைக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கேட்பான். எங்கள் பையன்களின் பாஸ்போர்ட் நகலெல்லாம் எவன் வீட்டிலோ போய் உட்கார்ந்திருக்கும். அதனால் நாமே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். பெர்சிஸ் வந்தபோது அந்த சர்வர் சாக்கடையாக இருந்தது. காலையில் பெட்டியைத் திறந்தால் மாத்திரை விற்கிறவன், லாட்டரி விழுந்திருக்கிறது என்கிறவன், உன் பெட்டி நிறைந்துவிட்டது இங்கே அழுத்து என்கிறவன். நடுநடுவே, அந்த கிரீஸ் நாட்டுக் கப்பல்.

"ஒரு பையன், இனிமே ஒரே ஒரு பையன், பொட்டிய தூக்கினு ஜூஸ் கடைக்குப் போனான்னா நான் இந்த வேலய வுட்டுட்றேன்" என்று என்னிடம் சொன்னாள்.

ஒவ்வொன்றாக அடைத்தாள். சங்கத்து முகவரிக்கு முன்னால் என்ன பெயரைப் போட்டு எழுதினாலும் தலைவர் பெட்டியில் வந்து விழும்படி பழைய ஆள் வைத்துவிட்டுப் போயிருந்தான். அதை முதலில் மூடினாள். இணையதளத்தில் எல்லோருடைய முகவரியும் அப்பட்டமாகக் கிடந்தது, எடுத்தாள். வங்கியின் பெயரில் வருகிற மெயில் வங்கியின் சர்வரிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க வைத்தாள். முன்பின் தெரியாத சர்வர் கதவைத் தட்டினால், "கொஞ்ச நேரம் கழித்து வா" என்று திருப்பி அனுப்பினாள். ஒழுங்கானது திரும்பி வரும், ஸ்பாம்காரனுக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை, அடுத்த வீட்டைப் பார்த்துப் போய்விடுவான். இது எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று செய்தாள். சர்வருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்தாள்.

அதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வினையே அங்கேதான். உறுப்பினர்கள் யார் எந்த மெயிலை ஸ்பாம் பெட்டியில் தள்ளினாலும், சர்வர் அதை எடுத்துப் படிக்கும். என்ன வார்த்தை, எந்த வழியாக வந்தது, தலைப்பு எப்படி என்று மனதில் வைத்துக்கொள்ளும். அடுத்து அதே ஜாடையில் ஒன்று வந்தால் மதிப்பெண் போடும். மதிப்பெண் ஏறினால் அது நேராக ஸ்பாம் பெட்டிக்குப் போய்விடும். ஊர் முழுக்கச் சேர்ந்து சொல்லிக்கொடுக்கிற பிள்ளை மாதிரி அது. சொல்லிக்கொடுத்ததைத்தான் கற்றுக்கொள்ளும்.

ஸ்பாம் குறைந்தது. சும்மா குறையவில்லை, அடியோடு குறைந்தது. தலைவர் அம்புரோஸ், ஒரு காலத்தில் கப்பலில் டெக் மேஸ்திரியாக இருந்தவர், பெர்சிஸுக்குப் பொதுக்கூட்டத்தில் சால்வை போர்த்தினார். போர்த்திவிட்டு அடுத்த வாரமே அவளைக் கூப்பிட்டார்.

"பெர்சிஸ்மா, அந்த ஸ்பாம் பொட்டிலயும் தெனம் ரொம்பி வயியுது. அந்தக் கலீஜ் என் கண்ணுலயே படக் கூடாது. வர்ற வயிலயே தூக்கிப் போட்டுடு."

"தலைவரே, அது தப்பு. நல்ல மெயிலு ஏதாவது தவறி மாட்டிகிச்சுன்னா, தேடி எடுக்க அந்தப் பொட்டி வேணும்."

"இத்தினி நாள்ல ஒண்ணாவது மாட்டிச்சா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? உன்னால முடியாதுன்னா சொல்லு, பெரிய கம்பெனி மெயிலுக்கே மாறிடலாம். சர்வரும் வேணாம், சர்வர் ஆளும் வேணாம்."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன். அன்று சாயங்காலம் பெர்சிஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய், மதிப்பெண் மிக அதிகமாக வாங்குகிற மெயிலை யாருக்கும் சொல்லாமல் சர்வரே வீசிவிடும்படி மாற்றினாள். அனுப்பியவனுக்கும் தெரியாது, வாங்க வேண்டியவனுக்கும் தெரியாது.

ராஜாத்தி எங்கள் மேசைக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் இருப்பவள். ஏற்றுமதித் துணி கம்பெனியில் பேக்கிங் வேலை. அவள் புருஷன் சித்தார்த் ஒரு பழைய சரக்குக் கப்பலில், இன்ஜின் ரூமில் எண்ணெய் போடுகிறவன். இப்போது வருகிற கப்பல்களில் வைஃபை இருக்கிறது, பையன்கள் நடுக்கடலிலிருந்து வீடியோ காலில் பொண்டாட்டியோடு சண்டை போடுகிறார்கள். சித்தார்த் இருந்தது அந்த மாதிரிக் கப்பல் இல்லை. அது துருப்பிடித்த தகரம். சாட்டிலைட் வழியாக நாலு வரி மெயில் அனுப்பலாம். அவ்வளவுதான். நாலு வரியையும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடிப்பான். தலைப்புகூட இருக்காது.

"சில்வியாக்கா, அவர்கிட்டேந்து மெயிலு வந்து ரொம்ப நாளாச்சு. இன்னான்னு கேட்டுச் சொல்லேன்."

பெர்சிஸைக் கூப்பிட்டேன். அவள் வந்து, "ஸ்பாம் பொட்டில பாத்தியா?" என்றாள்.

"தெனம் பாக்குறேன்க்கா. பய்சு தான் கீது. புச்சா எதுவும் வரல."

"அப்ப அனுப்பியிருக்க மாட்டாரு. அனுப்பியிருந்தா வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சால்வை கொடுத்த தெம்பு. எனக்கு இன்றைக்கும் அவள் மேல் கோபம் இருக்கிறது என்றால் அது இந்த ஒரு வார்த்தைக்குத்தான்.

ராஜாத்தி மறுபடி வந்தாள். மறுபடியும் வந்தாள். "நான் எயுதிகினே கீறேன்க்கா. ஏன் எயுதல, இன்னா கோவம்னு கேட்டுகினே கீறேன். ஒண்ணும் வர மாட்டுது." ஒரு தடவை மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "அங்க வேற எவளாவது..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். "ச்சீ, கடல்ல எவ வருவா" என்று நானே சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் டெரிக் போன் செய்தான். ராயபுரத்துப் பையன், வளைகுடாவில் இழுவைப் படகில் வேலை. அவன் போட்ட சத்தத்தில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"இன்னா சங்கம் நடத்துறீங்க நீங்க? சித்தார்த்தோட கப்பல இங்க நங்கூரம் போட்டு வுட்டுட்டு ஓனர் ஓடிட்டான். டீசல் இல்ல, லைட் இல்ல. மழத் தண்ணியப் புடிச்சு குடிக்கிறானுங்க. போன்ல சிக்னல் எட்டாத தூரம். மத்த நாட்டுக்காரன்லாம் அவன் அவன் சங்கத்துக்கு மெயிலு போட்டான், அவன் அவன் சங்கம் வந்து எறக்கினு போய்டுச்சு. நம்ம ஆளுங்க மூணு பேரு மட்டும் கீறானுங்க. பேட்டரில அந்த மெயிலு மெஷின் மட்டும் ஓடுதாம். மாத்தி மாத்தி எயுதிகினே கீறானுங்களாம். ஒரு பதிலு போடக் கூடவா உங்களுக்குக் கை வரல?"

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். பெர்சிஸ் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி சர்வர் அறைக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். நாற்காலியைக்கூட இழுக்காமல் நின்றுகொண்டே தேடினாள். சர்வர் தான் செய்வதையெல்லாம் வரிவரியாகப் பதிந்து வைக்கும். அதில் சித்தார்த்தின் கப்பல் முகவரி வந்தது. வீசப்பட்டது. மறுபடி வந்தது. வீசப்பட்டது. ராஜாத்திக்கு எழுதியது, சங்கத்துக்கு எழுதியது, தலைவருக்கு எழுதியது. எல்லாம் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் எங்கள் சர்வர் வாசலிலேயே வாங்கி வாங்கி வெளியே எறிந்திருக்கிறது.

"ஏன்?" என்றேன்.

"ஸ்பாம்னு கத்துக்கினு கீது" என்றாள். "அந்தக் கப்பல் பேரு, சித்தார்த் பேரு, 'நல்லா இருக்கியா', 'பாப்பா சாப்டுச்சா', அல்லாமே ஸ்பாம்னு யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க. யாருடி? எந்தப் பேமானி?"

இதைச் செய்தவனைக் கையில் கிடைத்தால் மென்று துப்பியிருப்பாள். நானும் துப்பியிருப்பேன். எந்தப் பெட்டியிலிருந்து கற்றுக்கொண்டது என்று தேடினாள். கிடைத்தது. திரையைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, "ராஜாத்திய வரச் சொல்லு. கப்பல் விஷயத்த இப்ப சொல்லாத. போனோட வரச் சொல்லு" என்றாள்.

ராஜாத்தி வேலையிலிருந்து நேராக வந்தாள். தலையில் துணிப் பிசிறு ஒட்டியிருந்தது. பெர்சிஸ் அவள் போனை வாங்கி ஸ்பாம் பெட்டியைத் திறந்தாள். ஒரு லாட்டரி இல்லை, ஒரு மாத்திரை இல்லை. முதல் கப்பலுக்குப் போன நாளிலிருந்து சித்தார்த் எழுதின ஒவ்வொரு மெயிலும் அங்கே வரிசையாக இருந்தது.

"இத இங்க யாரும்மா போட்டது?" என்று கேட்டாள். குரலை அவ்வளவு தணித்து அவள் பேசி நான் கேட்டதே இல்லை.

"நான் தான்க்கா. ஏன்?" ராஜாத்திக்கு லேசாக வெட்கம் வந்தது. "உங்க மெயிலுல எடம் கொஞ்சமா கீது. ரொம்பிட்டா புச்சு வராது, பயச அயிங்கன்னு நீங்க தான சொன்னீங்க. கடல்ல கீறவன் பேர எப்டிக்கா அயிக்கிறது? எங்க வூட்ல புத்தர் படம் தவுர வேற ஒண்ணும் கெடையாது, சகுனம் கிகுனம்லாம் பாக்க மாட்டோம். ஆனா இது வேற. அவர் கப்பலுக்குப் போற அன்னிக்கு நான் வூடு பெருக்க மாட்டேன். அவர் தட்ட கவுக்க மாட்டேன். அப்டி கீறப்ப, பட்டன அமுக்கி அவர் பேர அயின்னா எப்டி? இந்தப் பொட்டில போட்டா எடம் புடிக்காது, அப்டியே பத்திரமா இருக்கும்னு இன்னொரு கப்பல்காரரு வூட்டு அடைக்கலமேரி அக்கா சொல்லிக் குடுத்தாங்க. பய்ய கப்பல்ல போனவங்க வூட்ல அல்லாரும் இப்டித் தான் வெச்சிகினு கீறோம்."

எல்லோரும். வருஷக்கணக்கில். ஸ்பாம் பெட்டிக்கு இட அளவு கிடையாது என்று பெர்சிஸ்தான் வைத்திருந்தாள், குப்பை சேர்ந்ததால் நல்ல மெயில் வராமல் போய்விடக் கூடாது என்று. சர்வர் படிக்கக் கற்றுக்கொள்ளும்வரைக்கும் அதனால் ஒரு கேடும் இல்லை. படிக்க ஆரம்பித்ததும், இந்தப் பெண்கள் உயிர் மாதிரிப் பொத்தி வைத்ததை எல்லாம் எடுத்துப் படித்து, இதுதான் குப்பை என்று மனப்பாடம் செய்துகொண்டது.

நான் வாயைத் திறந்தேன். பெர்சிஸ் என் காலை மிதித்தாள். சாதாரணமாக இல்லை, நகம் கருத்துப்போகிற மாதிரி.

"ஒண்ணுமில்லம்மா" என்றாள் ராஜாத்தியிடம். "இதுக்குன்னு தனியா ஒரு பொட்டி செஞ்சு குடுக்கறேன். எவ்ளோ வேணா வெக்கலாம். அல்லாத்தையும் அதுக்கு மாத்திடுவோம்."

அதன் பிறகு கப்பல் விஷயத்தைச் சொன்னாள். ராஜாத்தி போட்ட சத்தத்துக்கு மாடியிலிருந்த தலைவர் இறங்கி வந்துவிட்டார்.

அன்று பெர்சிஸ் செய்ததைச் சொல்கிறேன். சர்வர் கற்றுக்கொண்டதை எல்லாம் துடைத்தாள். வீசுகிற ஏற்பாட்டைப் பிடுங்கினாள். தலைவர் ஏதோ சொல்ல வந்தபோது, "நீங்க வாயே தொறக்காதீங்க" என்றாள். அவர் திறக்கவில்லை. கப்பல் மெயில் வருகிற சாட்டிலைட் சர்வர்களை எல்லாம் நேராக உள்ளே விடச் சொன்னாள். பிறகு ராஜாத்தியும் நாங்கள் இரண்டு பேரும் அந்த மோட்டார் சத்தத்தில் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு மெயிலாக வந்தது. மாத்திரை வந்தது, லாட்டரி வந்தது. எல்லாக் கழிசடையும் திறந்த வாசல் வழியே வந்தது. மறுநாள் மத்தியானம், அதற்கு நடுவில் அது வந்தது.

"சங்கத்துக்கு. சித்தார்த் எயுதறேன். தண்ணி தீந்து போச்சு. ஒருத்தனுக்கு ஜுரம். என் பொண்டாட்டி ஏன் எயுதலன்னு கேட்டு கேட்டு எயுதறா. நான் எயுதிகினே தான் கீறேன். நான் எயுதறதுலாம் எங்க போவுது? எங்க பேர அயிச்சிட்டீங்கன்னா சொல்லிடுங்க. பேட்டரிய வேஸ்ட் பண்ண மாட்டோம்."

பெர்சிஸ் அழுதாள் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அழவில்லைதான். மேசையில் இருந்த ஸ்டேப்ளரை எடுத்துச் சுவரில் எறிந்தாள். சுண்ணாம்பு பெயர்ந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறது.

உடனே பதில் போட்டுவிட்டு, அந்த மெயிலைக் கையில் வைத்துக்கொண்டுதான் எல்லாக் கதவையும் தட்டினோம். கப்பல் துறைக்கு எழுதினோம், தூதரகத்துக்கு எழுதினோம். அங்கே ஃபோனை எடுத்த ஒரு ஆளைப் பெர்சிஸ் பேசின பேச்சை நான் எழுத முடியாது. டெரிக்கின் படகில் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. மூன்று பேரையும் இறக்கினார்கள். வந்தார்கள்.

வந்த கையோடு சங்கத்தில் கூட்டம். ஹாலில் இடமில்லாமல் படிக்கட்டிலும் ஆள் நின்றது. சித்தார்த் உள்ளே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. பேண்ட் நிற்பதற்குக் கயிறு கட்டியிருந்தான். ராஜாத்தி அவன் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

"யாரு அந்த சர்வர்க்காரி?" என்றான்.

பெர்சிஸ் எழுந்தாள். "நான் தான்."

"எங்க போச்சு என் மெயிலு?"

"மெஷினு அத ஸ்பாம்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுடுச்சு. நான் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு என்னுது."

தலைவர் அம்புரோஸ் இருக்கிறாரே, அவர் அப்போது மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகச் சுற்றுகிறதா என்று பார்த்தாராம்! "வர்ற வயிலயே தூக்கிப் போட்டுடு" என்ற வாய் ஒட்டிக்கொண்டுவிட்டது. நான் எழுந்தேன். பெர்சிஸ் என் மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

சித்தார்த் விடவில்லை. "மெஷினு நெனச்சுச்சா? நான் மெஷினோட பொழங்கறவன். எனக்கு இந்தக் கதையெல்லாம் வுடாத. மெஷினு அதுவா எதுவும் நெனைக்காது. யாரோ சொல்லிக் குடுத்திருக்கணும். என் பேர குப்பைன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

ராஜாத்தியும் பெர்சிஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் தெரிந்தவர்கள் அந்த ஹாலில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒருத்தியின் கை என் மணிக்கட்டை முறிக்கிற மாதிரி இறுக்கிக்கொண்டிருந்தது.

"நான் தான் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் பெர்சிஸ்.

அப்புறம் அவன் பேசினதை எல்லாம் திருப்பிச் சொல்ல மாட்டேன். அவன் பட்டது அப்படி, பேசட்டும். படிக்கட்டில் நின்றவர்களும் பேசினார்கள். அவர்கள் எதற்குப் பேசினார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. பேசி முடித்து அவன் திரும்பியபோது, ராஜாத்தி அவன் சட்டையை விட்டுவிட்டுப் பெர்சிஸுக்கு நேராக வந்தாள்.

"நான் அவர் பேரு போட்ட ஒரு எயுத்த அயிச்சதில்லக்கா" என்றாள். "ஒரு எயுத்த. இத்தினி வர்சமா பொத்திப் பொத்தி வெச்சேன். புச்சா வந்தது அல்லாத்தையும் நீ அயிச்சிட்டியே. நல்லா இருப்பியா நீ?"

"ஆமாம்மா" என்றாள் பெர்சிஸ்.

கூட்டம் கலைந்ததும் சர்வர் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினேன். "பைத்தியமாடி நீ? தலைவன் சொன்னான்னு சொல்லியிருக்கலாம். அவளே தான் போட்டாள்னு சொல்லியிருக்கலாம். ஊரே உன் மூஞ்சில துப்புது. வாய் இல்லாதவளா நீ? ஷேர் ஆட்டோக்காரன்கிட்ட காட்டுற வாய இங்க காட்டறதுக்கு இன்னா?"

"தலைவர இழுத்தா, அது இன்னாத்த கத்துக்கிச்சு, எங்கேந்து கத்துக்கிச்சுன்னு தோண்டுவாங்க. தோண்டினா அவ பொட்டில தான் வந்து நிக்கும்" என்றாள். "அவளுக்குத் தெரிஞ்சா அப்பறம்? அவ புருஷன் தண்ணியில்லாம கெடந்ததுக்கு அவ பத்திரமா வெச்சதுதான் காரணம்னு தெரிஞ்சா, அவ இனிமே எத பத்திரமா வெப்பா, சொல்லு. என்ன திட்றதுன்னா திட்டிட்டுப் போறாங்க. எனக்கு ஒறைக்காது."

ஒறைக்காதாம். அன்றைக்கு அவள் கொண்டுவந்த சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

இப்போதும் ஸ்பாம் வருகிறது. பெர்சிஸ் தினமும் காலையில் சந்தேகமானதை எல்லாம் ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்துத்தான் தள்ளுகிறாள். சர்வர் படிக்கிறது, ஆனால் அவள் கையால் கொடுப்பதை மட்டும்தான். தலைவர் மறுபடி தேர்தலில் ஜெயித்துவிட்டார், அவருக்குச் சால்வை நான் போர்த்தவில்லை. பழைய கப்பல்காரர்களின் வீட்டுப் பெண்களுக்கு எல்லாம் 'கடல்' என்று ஒரு தனிப் பெட்டி இருக்கிறது. அதற்கு இட அளவு கிடையாது, சர்வர் அதன் பக்கம் போகவும் முடியாது. சித்தார்த் மறுபடி கப்பலில் போய்விட்டான். வைஃபை இருக்கிற கப்பல். ஆனாலும் வாரத்துக்கு ஒரு மெயில் எழுதுகிறான்.

ராஜாத்தி எப்போதாவது சங்கத்துக்கு வருவாள். சர்வர் அறை வாசலைக் கடக்கும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள். நேராக என் மேசைக்கு வந்து, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி, "சில்வியாக்கா, அந்தப் பொட்டி பத்திரமா கீதா? அவ மறுபடி கை வெச்சிட மாட்டாளே?" என்று கேட்பாள்.

உள்ளே கீபோர்டு சத்தம் ஒரு நொடி நிற்கும்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "கீதும்மா. பத்திரமா கீது" என்பேன்.